தூரிகை கழுவும் தண்ணீர்

அந்தச் சனிக்கிழமை கராஜில் இருந்தவர்கள்:

எல்டன் லாக்சோ, வயது 52, வீட்டின் சொந்தக்காரர்.
ரூபென் லாக்சோ, 39, அவருடைய தம்பி.
மர்லிஸ் யூல், 61, பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.
வெர்ன் ஸ்டானிச், 47, கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டி ஓட்டுநர்.

இதை எழுதிவிட்டு எல்டன் பேனாவை மேஜைமேல் வைத்தான். படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நாலு வரிதான் விட்டிருந்தார்கள். நாலும் நிரம்பிவிட்டது. எழுத வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது, ஆனால் அது ஆள் இல்லை. பால் விற்கிற பெரிய பிளாஸ்டிக் கேன். மளிகைக்கடைக் காகிதப் பையில் சுற்றி, அவனுடைய இரண்டு பூட்ஸுக்கும் நடுவில் தரையில் இருந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் நன்னடத்தை அதிகாரி ஹோக்லண்ட். எல்டனைவிட இருபது வயது இளையவள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் ஒரு காகிதக் கைக்குட்டை எடுத்தாள். இந்தப் பக்கம், எல்டனுக்கு அடுத்த நாற்காலியில், ரூபென். இடது கணுக்காலில் பேன்ட் புடைத்திருந்தது. உள்ளே சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, ரப்பர் பட்டையில் கட்டியது. அரை மணிக்கு ஒரு தடவை அது அவன் தோலை முகர்ந்து பார்க்கும். வியர்வையில் சாராயம் இருந்தால் குறித்து வைத்துக்கொண்டு, ராத்திரி அவன் தூங்கும்போது இங்கே சொல்லிவிடும்.

தொண்ணூறு நாள் அது எதையும் குறிக்கக் கூடாது என்பது ஜட்ஜின் உத்தரவு. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மூன்றாவது தடவையாக மாட்டி, அந்தத் தடவை ஒரு வீட்டின் வாசற்படியை இடித்துத் தள்ளியவனுக்கு அது பெரிய சலுகை. தொண்ணூறு நாளைத் தாண்டினால் மிச்சத் தண்டனையை அண்ணன் வீட்டிலேயே கழிக்கலாம். ஒன்பது வயது மகள் ஐலா சனி, ஞாயிறு வந்து தங்கலாம். தாண்டாவிட்டால் பதினோரு மாதம், இதே கட்டடத்தின் பின்பகுதியில் இருக்கும் சிறையில்.

சனிக்கிழமை எண்பத்துமூன்றாவது நாள்.

*

ரூபென் நவம்பரில் பட்டையோடு வந்து இறங்கினான். முதல் வாரம் முழுக்க வீட்டுக்குள் நடந்தான். சமையலறையிலிருந்து முன்னறை, முன்னறையிலிருந்து சமையலறை. பார்க்கிறவனுக்குத் தலை சுற்றியது. எட்டாவது நாள் எல்டன் அவனைக் கராஜுக்குக் கூட்டிப்போய், சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள ஒரு ஈயச் சிப்பாயைக் கையில் கொடுத்து, இதற்கு வெள்ளை அடி என்றான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

முதலில் வெள்ளை, சிப்பாயின் மூக்கில், துப்பாக்கியில், எல்டனின் மேஜையில் எல்லாம் விழுந்தது. ஐந்தாவது வாரம் ரூபென் சிப்பாயின் கண்ணுக்குள் புள்ளி வைத்தான். அதற்குத் தூரிகை நுனி ஒற்றை மயிராகக் குவிய வேண்டும். குவிக்க ஒரே வழி உதடுதான் என்று கற்றுக்கொடுத்தவன் எல்டன். கழுவு, உதட்டுக்கு நடுவில் வைத்து இழு, திருப்பு. முகத்துக்கு முகம் இருபது தடவை. எல்டன் இரண்டு வருடத்துக்கு முன்னால் பொய்ப்பல் கட்டியதோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டான். மர்லிஸுக்கு அது ஆரம்பத்திலிருந்தே அருவருப்பு, ஈரப் பஞ்சு வைத்திருப்பாள். வெர்ன் சிப்பாய் நிற்கும் அடித்தட்டில் பொய்ப்பனி ஒட்டுகிறவன், அவனுக்கு எதற்குக் கூர்.

செய்துகொண்டிருந்தது ஒரு முழுப் படை. வெள்ளைப் போர்வை போட்ட, சறுக்குக்கட்டை மாட்டிய பின்லாந்துச் சிப்பாய்கள், நூற்றுப் பன்னிரண்டு பேர். இரண்டு வாரத்தில் டுலூத் ஊரில் ஒரு மண்டபத்தில் அவர்களைப் பெரிய மேஜையில் இறக்கி, எதிரே இன்னொரு ஊர்க்காரர்களின் ரஷ்யப் படையோடு போர் விளையாட்டு ஆட வேண்டும். வெள்ளைத் துணிக்கு வெள்ளை மட்டும் அடித்தால் சுண்ணாம்புக் கட்டிபோல் இருக்கும். மடிப்புகளில் நீர்த்த நீலம் ஓட வேண்டும். அந்த நீலம் ரூபென் வேலை.

சனிக்கிழமை காலை வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. காஸ் ஹீட்டர் இரண்டு மணி நேரம் எரிந்தும் கராஜில் மூச்சு புகைந்தது. பெயின்ட் குப்பிகள் வெந்நீர்ப் பாத்திரத்தில் மிதந்தன. ஒரு தடவை உறைந்தால் பெயின்ட் திரிந்த பாலாகிவிடும், தூக்கிப் போட வேண்டியதுதான். அதைவிடச் சனியன் தூரிகை கழுவும் கப். சின்னக் கப், கான்கிரீட் தரைக்குப் பக்கம், பேசிக்கொண்டே இருக்கும்போது ஓரத்தில் பொருக்குக் கட்டும். பனித்துணுக்கு ஒன்று தூரிகை முடிக்குள் போய்விட்டால் அரை மணி நேரம் செய்த முகத்தில் கீறல் விழும்.

அதற்கு எல்டனிடம் பத்து வருடமாக ஒரு வழி இருந்தது. கடுங்குளிர் வாரங்களில் மட்டும், ஒரு கேன் தண்ணீரில் நாலில் ஒரு பங்கு மலிவு வோட்கா. மருந்துக்கடை ஸ்பிரிட் பெயின்ட்டையே கரைத்துவிடும். கார் கண்ணாடிக்கு ஊற்றும் நீலத் தண்ணீர் விஷம், சாயமும் ஏற்றும். வோட்கா ஒன்றும் செய்யாது.

இந்த வருடம் அவன் ஜாக்கிரதையாகத்தான் இருந்தான். வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர்க் கடையில் வாங்கி, வண்டியிலேயே உட்கார்ந்து கேனில் முழுவதையும் ஊற்றி, காலி பாட்டிலைப் பெட்ரோல் நிலையக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். தம்பி இருக்கும் வீட்டுக்குள் பாட்டில் வரக் கூடாது. கேனுக்குள் போன பிறகு அது அவன் கணக்கில் சாராயமே இல்லை. மார்க்கர் பேனாவால் 'தூரிகை' என்று எழுதி பெஞ்சுக்கு அடியில் வைத்தான். பாட்டிலைப் பற்றி அவ்வளவு யோசித்தவன் கேனைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மற்ற இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அவர்களுக்கும் அது பத்து வருடமாகத் தூரிகைத் தண்ணீர்தான்.

"நூத்திப் பன்னெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி," என்றான் வெர்ன். பூதக்கண்ணாடியில் ஒருவனைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாரும் உன் மாமியார் சாயல்ல இருக்காங்க, மர்லிஸ்."

"என் மாமியார் போயிருந்தா அந்தச் சண்டை ஒரே வாரத்துல முடிஞ்சிருக்கும். நீ பனிய ஒழுங்கா ஒட்டு. அந்தத் தெருமுனைல தள்ற லட்சணத்துல ஒட்டாத."

"உன் வீட்டு வாசல்ல தள்ளுனது நான் இல்ல."

"வண்டி நம்பர் பாத்தேன்டா."

மதியம் ஆளுக்கொரு இறைச்சி அடைத்த பேஸ்டி ரொட்டியை ஹீட்டர் மேல் சூடாக்கித் தின்றார்கள். கப்புகள் கலங்கிச் சாம்பலாக இருந்தன. எல்டன் எழப் போனபோது ரூபென் முந்திக்கொண்டான்.

"உக்காரு. தண்ணி மாத்தறது நான் பாத்துக்கறேன்."

நாலு கப்பையும் தட்டில் அடுக்கிப் பக்கக் கதவு வழியாக வெளியே போனான். அழுக்குத் தண்ணீரை வெளியே பனிமேட்டில் கொட்டுவது வழக்கம். மார்ச்சுக்குள் அந்த மேடு நீலமும் பச்சையும் துருவுமாகக் கிடக்கும். திரும்பி வந்து கேனைத் தூக்கிக் கப்புகளில் ஊற்றினான். சாயங்காலத்துக்குள் நாலு தடவை மாற்றினான். யாரும் கேட்காமலேயே.

"பாரு, இந்தப் பய எவ்வளவு மாறிட்டான்," என்றான் வெர்ன். "என் வீட்ல ஒருத்தன் இருக்கான், தட்டக்கூட எடுக்க மாட்டான்."

மர்லிஸ்தான் உதட்டைப் பார்த்தாள். "ரூப், கண்ணாடில பாத்தியா? செத்தவன் மாதிரி இருக்க. உதடெல்லாம் நீலம்."

"குளிரு."

"குளிரா? அது பெயின்ட், தங்கம். எல்டன், நீ கத்துக்குடுத்த லட்சணம். நாய் தட்ட நக்கற மாதிரி நக்கறான்."

"சாப்பாட்டுச் செலவு மிச்சம்," என்றான் வெர்ன்.

எல்லோரும் சிரித்தார்கள். ரூபெனும் சிரித்தான். பல்லும் நீலமாக இருந்தது. எல்டனுக்கு அது ஞாபகம் இருக்கிறது. நல்லா இருக்கான், ரொம்ப நாளைக்கப்புறம் நல்லா இருக்கான் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அன்று ரூபென் செய்த முப்பது போர்வைகளும் அந்தக் கராஜில் யார் செய்ததையும்விட நன்றாக இருந்தன. ஏழு மணிக்குக் கண் வலிக்கிறது என்று படுக்கப் போனான். ஞாயிறு மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

*

திங்கள் காலை எட்டு மணிக்கு ஹோக்லண்ட் போன் செய்தாள். சனிக்கிழமை பட்டை குறித்திருக்கிறது, இரண்டு மணிக்குள் இரண்டு பேரும் வர வேண்டும். வேறு எதுவும் சொல்லவில்லை.

எல்டன் மாடிக்குப் போய் ரூபெனின் மெத்தையைப் புரட்டினான். இழுப்பறைகளைத் தரையில் கொட்டினான். பூட்ஸுக்குள் கை விட்டான். ரூபென் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல."

"இன்னும் ஒரு வாரம்டா. ஒரே ஒரு வாரம். யார் குடுத்தா? வெர்னா?"

"இந்த வீட்ல பாட்டில் எதுவும் இல்ல, எல்டன். தேடு. நல்லாத் தேடு."

தேடினான். கழிவறைத் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தான், அடித்தளத்தில் பாய்லருக்குப் பின்னால் பார்த்தான், கடைசியாகக் கராஜுக்குப் போனான். சனிக்கிழமை ராத்திரி ஹீட்டரை அணைத்ததிலிருந்து உள்ளே எல்லாம் இறுகிக் கிடந்தது. தரை துடைக்கும் வாளி அடிவரை பனிக்கட்டி. பெஞ்சுக்கு அடியில் கேன். அதில் இரண்டு விரல் உயரம் மிச்சம், உறையாமல், கூழாக. தூக்கினான். அது ஆடியது.

அந்தக் கூழ் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே அவன் தூரிகையை நினைத்தான், உதட்டை நினைத்தான், மர்லிஸ் சொன்னதை நினைத்தான். நாள் முழுக்க, முகத்துக்கு இருபது தடவை. கொடுத்தவன் நான்தான். அந்த எண்ணம் வந்ததும் அவனுக்கு ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தப்பு தன்னுடையது என்றால் தானே சரி செய்யலாம். போய்ச் சொன்னால் போதும்.

காற்றுக்காகப் பக்கக் கதவைத் திறந்து நின்றான். வெள்ளிக்கிழமை பெய்த பனி பழைய கறைகளை மூடியிருந்தது, அதற்குப் பிறகு பெய்யவில்லை, அந்தக் குளிரில் பெய்யாது. கதவோரப் பனிமேடு வெயிலில் கண்ணைக் கூசியது. சுத்த வெள்ளை.

வண்டியில் முப்பது மைலும் எல்டனே பேசினான். இப்படித்தான் நடந்திருக்கு, உனக்குத் தெரிய வாய்ப்பே இல்ல, நான் எழுதிக் குடுக்கறேன், கேனையே காட்டறேன். ரூபென் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு," என்றான் ஒரு தடவை.

*

ஹோக்லண்ட் முழுவதையும் கேட்டாள். கேனைப் பையிலிருந்து எடுக்கச் சொல்லி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"எனக்கு இன்னிக்கு ஒரு வாசனையும் தெரியாது," என்றாள். மூடிவைத்தாள். "மிஸ்டர் லாக்சோ, நான் எல்லாக் கதையும் கேட்டிருக்கேன். வாய் கொப்பளிக்கற மருந்து. கை துடைக்கற ஜெல். ஒருத்தர் பழக் கேக்னு சொன்னார். இது புதுசு. அதனால உடனே தள்ளிவிட மாட்டேன்."

"இது கதை இல்ல, மேடம்."

"இத நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா, தடை இருக்கற வீட்டுக்குள்ள சாராயம் கொண்டுவந்தது நீங்கன்னு ஆகும். உங்க மேல கேள்வி வரும்."

"வரட்டும்."

அவள் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். ஒரு கோடு. சனிக்கிழமை மதியம் வரை தரையோடு தரையாகக் கிடந்தது. ஒரு மணிக்கு மேல் எழுந்தது. சாவகாசமாக ஏறி, ஏழு எட்டு மணிக்கு உச்சிக்குப் போய், விடியற்காலைக்கு மேல் இறங்கியது.

"பக்கத்துல எங்கயாவது சாராயம் கொட்டினா கோடு ஊசி மாதிரி ஏறி ஊசி மாதிரி இறங்கும். இது உடம்புக்குள்ள போய் வந்த கோடு. நாலு, அஞ்சு கிளாஸ் குடிச்சவங்க கோடு. பிரஷ் நுனில அவ்வளவு போகுமா?"

"அவன் எத்தனை தடவை வைப்பான்னு உங்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு தடவை."

"ஒரு தடவைக்கு எவ்வளவு?"

எல்டன் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தான். "இப்படி," என்றான். நுனியை நாக்கில் தொட்டு, உதட்டுக்கு நடுவில் வைத்து இழுத்துத் திருப்பினான். "இது நுனிதான். ஆனா அடிவரைக்கும் தண்ணி இருக்கும். உதடு அத்தனையும் பிழிஞ்சிடும்." மறுபடியும் செய்து காட்டினான்.

"சரி. அழுக்குத் தண்ணியை என்ன பண்ணுவீங்க?"

"வெளிய கொட்டுவோம். பக்கக் கதவுக்கு வெளிய, பனி..."

நாக்கு அங்கேயே நின்றது. கண்ணைக் கூசிய அந்த மேடு அவன் முன்னால் வந்து நின்றது. நாலு கப், நாலு தடவை. பதினாறு கப் நீலமும் சாம்பலும் அதில் விழுந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு விழவில்லை.

அவன் ரூபெனைப் பார்க்கவில்லை. பார்த்தால் முடிந்தது என்று தெரிந்தது.

"பனில," என்று முடித்தான். "பனில கொட்டுவோம். நீங்க கோட்டப் பாக்காதீங்க, மேடம், இதப் பாருங்க. ஒரு கண்ணுக்கு மட்டும் எத்தனை தடவைன்னு பாருங்க." பேனாவை வாயில் வைத்தான். இழுத்தான், திருப்பினான். மறுபடி வைத்தான். மை நாக்கில் கசந்தது. எண்ணிக் காட்டினான், நாலு, ஐந்து, ஆறு. பொய்ப்பல் இடம் மாறியது, நாக்கால் தள்ளிச் சரி செய்துகொண்டு ஏழு என்றான். ஹோக்லண்ட் அவனை நிறுத்தவில்லை. கைக்குட்டையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு.

"போதும், எல்டன்," என்றான் ரூபென்.

"நீ இரு."

"போதும். பேனாவைக் கீழ வை."

எல்டன் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"மொத நக்குலயே தெரிஞ்சிடுச்சு," என்றான் ரூபென். அதிகாரியிடம் சொல்லவில்லை, திரையில் இருந்த கோட்டைப் பார்த்துச் சொன்னான். "காலைல, பத்து மணி இருக்கும். பிரஷ்தானே, இது குடிக்கறது இல்லன்னு வெச்சுக்கிட்டேன். மதியம் வரைக்கும் பிரஷ்தான். சத்தியமா. அப்புறம் தண்ணி மாத்தப் போனேன். கதவச் சாத்திட்டு வெளிய நின்னேன். ஒண்ணு குடிச்சேன். கொட்டறதுக்குன்னு போய்க் கொட்ட முடியல."

"பெயின்ட்டோடயா?" என்றாள் ஹோக்லண்ட். அவளை மீறி வந்துவிட்டது.

"பெயின்ட்டோட. நாலு தடவையும் நாலு கப்பும். வெர்ன் கப்புல பசை இருந்தது."

சுடுநீர்க் குழாய் எங்கோ சுவருக்குள் தட்டிக்கொண்டிருந்தது. எல்டன் படிவத்தைப் பார்த்தான். நாலு பேர். அவன் கையெழுத்து இன்னும் போடவில்லை.

"சொல்லியிருக்கலாமே," என்றான். "மொத தடவையே சொல்லியிருக்கலாமே. என்னடா இதுன்னு ஒரு வார்த்தை."

"சொன்னா நீ கேன எடுத்துட்டுப் போயிருப்ப."

எல்டன் பேனாவை மேஜைமேல் வைத்தான். ஆமாம், எடுத்துப் போயிருப்பான்.

"இவன் வாங்கல, மேடம்," என்றான். "தேடிப் போகல. நான் கொண்டுவந்து அவன் காலடில வெச்சேன். வாயில வைக்கச் சொல்லிக் கத்துக்குடுத்ததும் நான். அத எங்கயாவது எழுதிக்குங்க."

"எழுதறேன்," என்றாள். எழுதவும் செய்தாள், இரண்டு வரி. "ஜட்ஜ் பாப்பார். ஆனா உத்தரவுல வாங்கக் கூடாதுன்னு இல்ல, மிஸ்டர் லாக்சோ. குடிக்கக் கூடாதுன்னு இருக்கு." போனை எடுத்துப் பின்பகுதிக்கு ஒரு எண்ணை அழுத்தினாள்.

"ஐலாவுக்கு வெள்ளிக்கிழமை சொல்றதா இருந்தேன், இனிமே வந்து தங்கலாம்னு," என்றான் ரூபென். "நீ சொல்லிடு. என்னன்னு வேணாம். இப்ப முடியாதுன்னு மட்டும்."

"என்னன்னு கேப்பா."

"கேப்பா."

காவலர் ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கியவர், எல்டனைப் பார்த்துத் தலையசைத்தார். ஊரில் எல்லோரையும் தெரிந்தவர். ரூபெனின் பெல்ட்டையும் பூட்ஸ் கயிறுகளையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். பிறகு மண்டியிட்டு, பேன்ட்டை மடித்துவிட்டு, கத்தரியால் ரப்பர் பட்டையை வெட்டினார். உள்ளே அது தேவையில்லை. எண்பத்தைந்து நாள் அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து, மயிர் இல்லாமல் ஒரு வளையம். ரூபென் குனிந்து அந்த இடத்தைச் சொறிந்தான். நன்றாக, நகத்தால், ரொம்ப நேரம் சொறிந்தான். காவலர் அவசரப்படுத்தவில்லை.

"மிச்ச போர்வையெல்லாம் மர்லிஸ் செய்யட்டும்," என்றான் நிமிர்ந்து. "நீலத்துல தண்ணி ஜாஸ்தி ஊத்த வேணாம்னு சொல்லு."

"எல்லாம் நீ வந்து செய்."

"பதினோரு மாசம் கழிச்சா?"

எல்டன் எழுந்தான். கட்டிப்பிடிக்கலாமா என்று கை கொஞ்சம் மேலே போனது. லாக்சோ வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை. அதற்குள் காவலர் ரூபெனின் முழங்கையைத் தொட்டுத் திருப்பிவிட்டார்.

"இத எடுத்துட்டுப் போயிடுங்க, ப்ளீஸ்," என்றாள் ஹோக்லண்ட், மேஜைமேல் இருந்த கேனைக் காட்டி. "இங்க வெச்சுக்க முடியாது."

எல்டன் கேனைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடைபாதை முடிவுவரை போனான். மஞ்சள் கோடு போட்டிருந்த இடத்தில் காவலர் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். நின்றான். கயிறில்லாத பூட்ஸை இழுத்து இழுத்துத்தான் ரூபெனால் நடக்க முடிந்தது. கதவுக்கு நடுவில் சதுரமாக ஒரு கண்ணாடி, உள்ளே கம்பிவலை. ரூபென் அதைத் தாண்டி உள்ளே போனான், திரும்பவில்லை. இரும்புக் கதவு தானாகவே மெதுவாக வந்து சட்டத்தில் பொருந்தியது. அந்தப் பக்கமிருந்து காவலர் சாவியை இரண்டு தடவை திருப்பினார்.